கடலோர ஊரில் ஏசி மாட்ட மொத்தம் எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

சென்னையிலும் கடலை ஒட்டிய ஊர்களிலும் வீடுகளுக்கு ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. கோடை நெருங்கும்போது வந்து குவியும் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் சென்னையில் நான் பார்க்கும் சுமார் விலை. 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, அதற்குப் பிந்தைய கணக்கு. ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் ஏறி இறங்கும்.

கேள்வி (மடிப்பாக்கம்): சார், முதல் தடவையாக ஏசி வாங்குகிறோம். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. கடையில் 1.5 டன் 3 ஸ்டார் ஸ்பிளிட் 37,000 ரூபாய், இன்ஸ்டலேஷன் ஃப்ரீ என்கிறார்கள். மொத்தமாக எவ்வளவு கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: 37,000 போக இன்னும் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை. ஃப்ரீ என்பது பெரும்பாலும் ஆள் கூலி மட்டும்தான். அதன் மதிப்பே 1,500 ரூபாய் சுற்றி. மீதிக் கணக்கை ஆள் வீட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் சொல்வார்கள், அப்போது நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அவுட்டோரை, அதாவது வீட்டுக்கு வெளியே மாட்டும் பெட்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் 700 முதல் 1,200. சுவரில் ஓட்டை போட 500 சுற்றி. கான்கிரீட் சுவர் என்றால் கோர் கட்டிங் மெஷின் வர வேண்டும், ஆயிரத்தைத் தொடும். (பீமில் ஓட்டை போட மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.) காப்பர் பைப் சில கம்பெனிகள் பெட்டியிலேயே மூன்று மீட்டர் தருகின்றன, சிலர் தருவதே இல்லை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கூடுதல் பைப் இன்சுலேஷனோடு மீட்டருக்கு 900 முதல் 1,200 வரை போகிறது. தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப், இண்டோருக்கும் (அறைக்குள் இருக்கும் பெட்டி) அவுட்டோருக்கும் நடுவே போகும் ஒயர் எல்லாம் சேர்த்து ஓர் அறுநூறு, எழுநூறு.

இதில் யாரும் சொல்லாத பெரிய செலவு கரண்ட் லைன். ஏசிக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) தனி ஒயர், தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே இறங்கும் சுவிட்ச்), உருப்படியான எர்த் வேண்டும். 1.5 டன்னுக்கு நான் 4 சதுர மி.மீ. காப்பர் ஒயரும் 20 ஆம்ப் எம்சிபியும்தான் போடுவேன். தூரத்தைப் பொறுத்து மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை ஆகும். கட்டில் பக்கத்தில் இருக்கும் பழைய 15 ஆம்ப் பிளக்கில் செருகிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. மே மாதத்தில் நான் கருகிய பிளக் பார்க்கும் வீடுகள் எல்லாம் அந்த வகைதான்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். 120 சதுர அடிக்கு 1.5 டன் எதற்கு? (டன் என்பது குளிர்விக்கும் சக்தியின் அளவு, எடை இல்லை.) மேலே மொட்டை மாடியா?

அதே மடிப்பாக்கக்காரர்: இல்லை சார், மூன்று மாடியில் நடு மாடி. வெளிச்சுவர் கிழக்குப் பக்கம்.

பதில்: அப்படியென்றால் 1 டன் போதும். மெஷின் விலையில் நாலைந்தாயிரம் குறையும். அந்தப் பணத்தை லைனுக்கும் பைப்புக்கும் போடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அண்ணே, எங்கள் அம்மா 2 டன் போட்டால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், சீக்கிரம் ஆஃப் செய்யலாம், கரண்டும் மிச்சம் என்கிறார். அறை 150 சதுர அடி. சரியா?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆளைப் படுத்துவது வெயிலைவிடப் புழுக்கம். வறண்ட ஊரில் 40 டிகிரியிலும் வியர்வை காய்ந்துவிடும். இங்கே 34 டிகிரியிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஏசிக்கு இங்கே இரண்டு வேலை: காற்றின் சூட்டைக் குறைக்க வேண்டும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிடித்து வெளியே தள்ள வேண்டும். மெஷினின் சக்தியில் நாலில் ஒரு பங்கு, சில நாட்களில் அதற்கு மேலும், அந்த இரண்டாவது வேலைக்கே போய்விடும். 1.5 டன் மெஷின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ட்ரெயின் பைப்பில் வரும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பக்கெட் வைத்துப் பாருங்கள்.

ஈரத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) சில்லென்று இருக்க வேண்டும், அறைக் காற்று அதன்மேல் நெடுநேரம் போய்வர வேண்டும். அறைக்கு மிஞ்சிய மெஷின் என்ன செய்யும்? பத்து நிமிடத்தில் 24க்கு இறக்கிவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஃபேன் மட்டும் சுற்றும். காயிலில் ஒட்டியிருந்த ஈரம் திரும்ப அறைக்கே வந்துவிடும். ரிமோட்டில் 24 என்று காட்டும், ஆனால் மெத்தை விரிப்பு நமுத்த மாதிரி இருக்கும். கசகசப்பு போகவில்லையே என்று 20க்கு இறக்குவீர்கள். அம்மா மிச்சம் பிடிக்கச் சொன்ன கரண்ட் அங்கே போய்விடும்.

கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மெஷின் நிற்காமல் மெதுவாக ஓடும் என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனால் கம்ப்ரசர் எவ்வளவு மெதுவாக ஓடலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 150 சதுர அடிக்கு நடு மாடி என்றால் 1 டன் அல்லது 1.2 டன் பாருங்கள், மேல் மாடி என்றால் 1.5 டன். 2 டன் ஹாலுக்கு.

கேள்வி (ஆதம்பாக்கம்): சரியான டன்தான் போட்டிருக்கிறோம், புது மெஷின், சர்வீஸும் ஆயிற்று. ஆனாலும் அறையில் ஈர வாடை, கசகசப்பு. எங்கே தப்பு?

பதில்: அறையோடு சேர்ந்த பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறதா? நிறைய வீடுகளில் இரவு முழுக்க ஓடும். அது குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும், அதற்கு ஈடாகக் கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே கடல் காற்று உள்ளே வரும். ஏசி விடிய விடிய தெருவின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்கும். பாத்ரூம் கதவை மூடி, எக்ஸாஸ்டை நிறுத்தி, கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை ஒட்டிப் பாருங்கள். பட்டை நூறு, இருநூறு ரூபாய். நனைந்த துணியை அறைக்குள் காயப் போடுவதும் கூடாது.

கேள்வி (கே.கே. நகர்): 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் எட்டு, ஒன்பதாயிரம் வித்தியாசம். அந்தப் பணம் திரும்பி வருமா? எங்கள் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வருகிறது.

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று போட்டுத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

ஏசி மேல் ஒட்டியிருக்கும் பி.ஈ.ஈ. (ஸ்டார் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு) ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 2025 வரையிலான லேபிளில், 1.5 டன்னில் 3 ஸ்டார் மெஷினுக்கு 960 யூனிட் சுற்றி, 5 ஸ்டாருக்கு 740 சுற்றிப் பார்க்கலாம். அதாவது சராசரியாக மணிக்கு 0.6 யூனிட்டும் 0.46 யூனிட்டும். இரவு எட்டு மணி நேரம், இரண்டு மாதம் ஓடினால் 480 மணி நேரம். 3 ஸ்டார் 288 யூனிட் இழுக்கும். உங்கள் 380 அப்போது 668 ஆகும்.

இப்போது பில். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 பாதி மானியம், 400 வரை ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, 500 வரை ஆறேகால், ஆறரை. 500ஐத் தாண்டினால் எட்டரை ரூபாய், 600ஐத் தாண்டினால் ஒன்பதரை, ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றே முக்கால் என்று ஏறும். அதோடு 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 101 முதல் 200 வரையிலான மானியமும் போய்விடும். கூட்டிப் பார்த்தால் 380 யூனிட்டுக்கு 1,100 ரூபாய் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த நீங்கள் 668 யூனிட்டுக்கு 3,600 ரூபாய் சுற்றிக் கட்டுவீர்கள். 288 யூனிட்டுக்கு 2,500 ரூபாய். ஏசி இழுக்கும் யூனிட் ஒன்று எட்டரை ரூபாய்க்கு மேலே வந்து நிற்கிறது.

5 ஸ்டார் என்றால் அதே 480 மணி நேரத்துக்கு 67 யூனிட் குறையும். குறையும் யூனிட் எல்லாம் மேல் படியிலிருந்து கழிவதால் ஒரு பில்லுக்கு 650 ரூபாய் சுற்றி மிச்சம். பிப்ரவரிக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இரவு தவறாமல் ஓட்டும் வீடு என்றால் நாலு பில், வருடத்துக்கு 2,600. நாலு வருடத்துக்குள் பணம் வந்துவிடும். பகலிலும் ஓடும் வீடு என்றால் இன்னும் சீக்கிரம்.

ஏப்ரல், மே மட்டும், அதுவும் விருந்தாளி வந்தால்தான் போடுவோம் என்றால் 3 ஸ்டாரே வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை: ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். பி.ஈ.ஈ. அவ்வப்போது அளவுகோலை இறுக்கும். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது பழைய 5 ஸ்டார் மெஷின் அதே மெஷினாக 4 ஸ்டார் ஆனது. குடோனில் கிடந்த பழைய லேபிளைப் புது விலைக்குத் தள்ளுவார்கள். லேபிளில் இருக்கும் வருடத்தையும், ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர். என்ற எண்ணையும் (இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்பதன் அளவு) பாருங்கள். எண் கூடினால் நல்லது, அவ்வளவுதான்.

கேள்வி (திருவான்மியூர்): கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. வாங்கி மூன்று வருடம் ஆகவில்லை, இரண்டு முறை கேஸ் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் 3,500 வாங்கிக்கொண்டு கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். காப்பர் காயில் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பதில்: கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடக் குறைவதற்கு. ஒரு சொட்டும் வெளியே போகாமல் அதே கேஸ்தான் மெஷின் ஆயுசு முழுக்கச் சுற்ற வேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அந்த 3,500 ரூபாய் சில மாதத்தில் காற்றில் கலந்துவிடும். அடுத்த முறை வருகிறவரிடம், நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

உங்கள் தெருவில் காரணம் பெரும்பாலும் உப்புக் காற்று. அவுட்டோரில் இருக்கும் காயிலான கண்டென்சரில் காப்பர் குழாய், அதைச் சுற்றி அலுமினியத் தகடு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் முதலில் அரிக்கும், தகடு பொடிப்பொடியாக உதிரும். தகடு போனால் சூட்டை வெளியேற்ற முடியாமல் கம்ப்ரசர் திணறும், கரண்ட் கூடும். காப்பர் காயில் என்று விற்றது பொய்யில்லை. காப்பர் நல்லதுதான், பழுது வந்தால் பற்றவைக்க முடியும். ஆனால் காப்பர் என்றால் கடல் காற்றுக்கு அசையாது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, இண்டோர் காயிலிலும் ஓட்டை விழும். மர பாலிஷ், பிளைவுட் பசை, சில தரை துடைக்கும் திரவங்கள் இவற்றிலிருந்து வரும் அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து காப்பரை உள்ளுக்குள்ளேயே எறும்புப் புற்று மாதிரி துளைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. புதிதாக இன்டீரியர் வேலை செய்த வீடுகளில் சந்தேகப்பட வேண்டிய விஷயம் இது.

செய்ய வேண்டியது: அவுட்டோரைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபக்கம் மாட்டுவது. பைப் மூன்று, நாலு மீட்டர் கூடினாலும் பரவாயில்லை, அந்த நாலாயிரம் நல்ல செலவு. வாங்கும்போது காயில்மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா, வாரண்டி காயிலுக்கும் உண்டா, கம்ப்ரசருக்கு மட்டுமா என்று கேட்பது. பத்து வருட வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு. ஸ்டாண்டும் போல்ட்டும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். மூன்றாவது மாடியிலிருந்து அவுட்டோர் கீழே விழுந்தால் செலவு ஏசியோடு நிற்காது. மாதம் ஒருமுறை அவுட்டோரை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால், ஹோஸில் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை அடிக்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): ஏசிக்கு வசதி இல்லை. ஏர் கூலர் பத்தாயிரத்துக்குள் வருகிறது. போதுமா?

பதில்: வேலூருக்குப் போதும். ஏப்ரல், மேயில் உங்கள் ஊர்க் காற்று காய்ந்திருக்கும். தண்ணீர் ஆவியாகும், காற்று குளிரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடைத்த அறையில் கூலர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் புழுக்கம் ஆரம்பித்துவிடும். இதே கேள்வியைச் சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கேட்டிருந்தால் வாங்காதீர்கள் என்றிருப்பேன். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி (வேளச்சேரி): வாடகை வீடு. ஓனர் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார். சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒற்றை ஹோஸ் இருக்கும் போர்ட்டபிள் மெஷின், அறையின் குளிர்ந்த காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளும். வெளியே போன அளவுக்குப் புழுக்கக் காற்று இடுக்கெல்லாம் தேடி உள்ளே வரும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும், விலையோ ஸ்பிளிட்டுக்குப் பக்கத்தில்.

ஜன்னல் அளவு பொருந்தினால் விண்டோ ஏசி பாருங்கள். ஓட்டை வேண்டாம், பைப் செலவு இல்லை, மாட்டும்போது கேஸ் தொடர்பான வேலையே இல்லை. காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போகலாம். ஜன்னல் கிரில்லை வெட்ட வேண்டியிருந்தால் மட்டும் ஓனரிடம் முதலில் கேளுங்கள்.

அதுவும் முடியாது, ஸ்பிளிட்தான் என்றால், ஓனரிடம் காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று எழுதியே கொடுங்கள். பல பேர் இறங்கி வருவார்கள். கழற்றி வேறு வீட்டில் மாட்ட, பைப், ஸ்டாண்ட் நிலைமையைப் பொறுத்து மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் ஆகும். கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்க வேண்டும், பம்ப் டவுன் என்போம். அதைச் செய்யாமல் கழற்றினால் கேஸ் முழுதும் போய் இன்னொரு மூவாயிரம் சேரும்.

கேள்வி (தூத்துக்குடி): நேற்று ஏசி மாட்டினார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வேக்கம் பம்ப் எதுவும் கொண்டு வரவில்லை, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு நட்டை முறுக்கிவிட்டார்கள். ஏசி நன்றாகத்தான் குளிர்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். பைப்புக்குள் இருந்த காற்றைக் கேஸை வைத்துத் தள்ளுவது பழைய பழக்கம். உங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் பைப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கேஸைத் திறந்துவிட்டால் அது போகாது. வேக்கம் பம்ப் போட்டு அழுத்தத்தை இறக்கினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். இன்று குளிரும், அடுத்த வருடமும் குளிரும், மூன்றாம் வருடம் கம்ப்ரசர் போகும். அப்போது மாட்டிய ஆள் எங்கே இருப்பாரோ.

இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். கொஞ்சம் தீப்பிடிக்கக் கூடியது, அதை அறைக்குள் திறந்துவிடுவதே தப்பு. ஒரு கம்பெனி போடும் ஆர்-290 புரொப்பேன், இன்னும் கவனம் வேண்டும்.

வாரண்டி நடப்பில் இருப்பதால் கம்பெனியின் இலவச எண்ணில் புகார் பதியுங்கள். கேஸைப் பம்ப் டவுன் செய்து, பைப்பை வேக்கம் போட்டு, அழுத்தம் காட்டும் கேஜில் முள் நிற்பதைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது இருபது நிமிடம் பம்ப் ஓட வேண்டும். புதிதாக மாட்டப் போகிறவர்கள், ஆள் வரும் முன்பே போனில் வேக்கம் பம்ப் கொண்டு வருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் வேலை செய்யும் விதமே கொஞ்சம் மாறும்.

கேள்வி (திருவொற்றியூர்): நீங்கள் சொல்வதெல்லாம் கேட்டால் பயமாக இருக்கிறது. என் மச்சான் இதில் ஒன்றையுமே செய்யவில்லை. ஏழு வருடமாக அவன் ஏசி ஓடுகிறது!

பதில்: ஓடட்டும், மகிழ்ச்சி. ஹெல்மெட் போடாமல் வீடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மச்சானின் ஈபி பில்லை மட்டும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): மேல் மாடி வீடு. இரவு பதினோரு மணிக்கும் சீலிங் அனலாகத் தகிக்கிறது. 1.5 டன் போட்டும் இரவு ஒரு மணிக்குத்தான் அறை குளிர்கிறது. 2 டன்னாக மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றும் முன் மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அறைக்குள் கக்கும். நீங்கள் குளிர வைத்துக்கொண்டிருப்பது காற்றை அல்ல, தலைக்கு மேல் இருக்கும் அந்தக் கல்லை. 2 டன் போட்டாலும் அதே கல்தான். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்து தடிமனாக இருந்ததால் இவ்வளவு இறங்கவில்லை. இப்போது மெல்லிய தளம், மேலே சுருக்கிகூட (செங்கல் பொடி கலந்த பூச்சு) சரியாகப் போடுவதில்லை.

பணம் குறைவு என்றால் பிப்ரவரி கடைசியில் சுண்ணாம்பு அடியுங்கள், இரண்டு கை. வடகிழக்குப் பருவமழையில் கழுவிக்கொண்டு போகும், ஒவ்வொரு வருடமும் திரும்ப அடிக்க வேண்டும், படுக்கையறைக்கு மேலே மட்டும் அடித்தால்கூட வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் செலவு செய்யலாம் என்றால் வெயிலைத் திருப்பும் வெள்ளை ரூஃப் பெயிண்ட், இன்னும் மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ். மூன்றில் எதுவாக இருந்தாலும் வெள்ளையாக, சுத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும். பாசி படிந்து கறுத்தால் பாதி பலன் போய்விடும்.

அதோடு ஏசியை படுக்கப் போகும்போது போடாமல் ஒரு மணி நேரம் முன்பு, மாலையில் கடல் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியே விட்ட பிறகு, போட்டுப் பாருங்கள். இத்தனையும் செய்தும் குளிரவில்லை என்றால் கேஸ் குறைவா, அவுட்டோர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): புது ஃபிளாட். பில்டர் சுவருக்குள்ளேயே காப்பர் பைப் புதைத்துக் கொடுத்திருக்கிறார். ஏசி மாட்ட வந்தவர் அதைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறார். வெளியே பைப் போட ஒரு அறைக்கு எட்டாயிரம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. புதைத்த பைப்பின் இரு முனையும் அடைத்திருந்ததா என்று முதலில் பாருங்கள். திறந்தே கிடந்திருந்தால் கட்டட வேலை நடந்த மாதங்களில் சிமென்ட் தூசி, மழை ஈரம், சில சமயம் எறும்பு எல்லாம் உள்ளே குடியிருக்கும். இரண்டாவது, அளவு: 1.5 டன் ஆர்-32 மெஷின்கள் பெரும்பாலும் கால் இன்ச், அரை இன்ச் பைப் கேட்கும். பில்டர் எல்லா அறைக்கும் ஒரே அளவைப் போட்டிருந்தால் சில அறைக்குப் பொருந்தாது. மூன்றாவது தடிமன். சுவருக்குள் போகும் பைப்புக்கு மெல்லிய காப்பர் போட்டால் கதை முடிந்தது. ஓட்டை விழுந்தால் டைல்ஸோடு சுவரை உடைக்க வேண்டும்.

நைட்ரஜன் ஏற்றி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஓர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கேட்பார். முள் இறங்கவில்லை, அளவும் சரி என்றால் நைட்ரஜனாலேயே ஊதிச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். இறங்கினால் பில்டரிடம் சண்டைக்குப் போங்கள், சாவி வாங்கி அதிக நாள் ஆகும் முன்பே.

கேள்வி (புதுச்சேரி): இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவர் பெயிண்ட் உரிகிறது. புது மெஷின்தான்.

பதில்: ட்ரெயின் பைப்புக்குச் சரிவு இல்லை, அல்லது நடுவில் எங்கோ மேலேறி இறங்குகிறது. பைப்பின் முனை பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் இப்படித்தான். மாட்டியவரையே கூப்பிடுங்கள், இது அவர் வேலை, காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): ஸ்டெபிலைசர் கட்டாயமா? கடைக்காரர் 3,000க்குச் சேர்த்தே போட்டுவிட்டார்.

பதில்: இன்வெர்ட்டர் மெஷின்கள் பலவும் 150லிருந்து 280 வோல்ட் வரை தாங்கும், பெட்டியிலேயே எழுதியிருக்கும். உங்கள் தெருவில் வோல்டேஜ் அதற்குள் இருந்தால் வேண்டாம். மாலையில் விளக்கு மங்கும் தெரு என்றால் போடுங்கள். உங்கள் பக்கம் இடி மின்னல் அதிகம். அதற்கு ஸ்டெபிலைசரைவிட நல்ல எர்த்தும், டிபி பாக்ஸில், திடீரென்று பாயும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் உதவும். இடி இடிக்கும்போது எம்சிபியை இறக்கிவிடுங்கள், அதற்குக் காசில்லை.

கேள்வி (மயிலாப்பூர்): ஐயா, எனக்கு 70 வயது, ஏசி காற்று பட்டால் கால் வலிக்கிறது. பேரன் வந்தால் 18ல் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்கிறான். எதில் வைப்பது?

பதில்: 18ல் வைத்தாலும் 25ல் வைத்தாலும் குளிரும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் அம்மா, எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மாறும். 26ல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். மழைக்காலப் புழுக்கத்தில், சூடு இல்லாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும் நாளில், ட்ரை மோடு போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் கரண்ட் குறையும் என்று பி.ஈ.ஈ. சொல்கிறது. 2020லிருந்து புது மெஷின்கள் ஆன் செய்தால் 24ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, பேரனிடம் சொல்லுங்கள். காற்று காலில் படாமல் இருக்க இண்டோரின் தகட்டை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கேள்வி (தாம்பரம்): வருடத்துக்கு சர்வீஸ் செலவு எவ்வளவு? எப்போது வாங்கினால் மலிவு?

பதில்: சாதாரணத் தண்ணீர் சர்வீஸ் 500 முதல் 700, நுரை போட்டு ஜெட் வாஷ் என்றால் ஆயிரம் பக்கம். நம் ஊர் ஈரத்துக்கு வருடம் இரண்டு முறை வேண்டும்: பிப்ரவரியில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. ஃபில்டரை நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஏசியை நிறுத்தும் முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும், பூஞ்சை வாடை வராது.

வாங்குவதற்கு நவம்பரிலிருந்து ஜனவரி. விலை இரண்டு, மூன்றாயிரம் குறைந்தால் நல்லது, குறையாவிட்டாலும் அந்த மாதங்களில் மாட்ட வருகிற ஆளுக்கு நேரம் இருக்கும். மே மாதம் கத்திரியில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வீடு ஓடுகிறவரிடம் இருபது நிமிடம் வேக்கம் போடுங்கள் என்று நீங்கள் எப்படிக் கெஞ்சினாலும் அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.